மின்னூல் ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

அச்சுப் புத்தகத்தோடு வளர்ந்தவர்கள் மின்னூலுக்கு வந்த முதல் மாதத்தில் சொல்லும் புகார்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எழுத்து பொடியாக இருக்கிறது, கண் எரிகிறது, தமிழ் உடைந்து வருகிறது, படித்தது மனதில் தங்கவில்லை. இதில் பாதிக்கு மேல் கருவியின் கோளாறும் இல்லை, வாசகரின் வயதும் இல்லை. கையில் இருக்கும் கோப்பு என்ன வகை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எனவே புகார் எதுவானாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

நூலைத் திறந்து எழுத்தின் அளவை இரண்டு படி கூட்டுங்கள். வரிகள் தாமாக மடிந்து பக்கங்கள் கூடினால் அது மடியும் கோப்பு: இபப் (EPUB), ஏஇசட்டபிள்யூ3 (AZW3), மோபி (MOBI) எல்லாம் இந்த வகை. அப்படியில்லாமல் பக்கம் முழுவதும் புகைப்படம் போலப் பெரிதாகி ஓரங்கள் திரைக்கு வெளியே போனால் அது பிடிஎஃப். அதிலும் இரண்டு ரகம் உண்டு. ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து அழுத்துங்கள். சொல் மட்டும் தேர்வானால் உள்ளே எழுத்து இருக்கிறது. ஒன்றுமே நடக்காவிட்டால் அது ஸ்கேன், அதாவது பக்கத்தின் படம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

எழுத்து எறும்பு போலத் தெரிகிறது, பெரிதாக்கினால் பக்கம் ஓடிப்போகிறது

பிடிஎஃப்தான் காரணம். கணக்குப் போட்டால் புரிந்துவிடும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 6 அங்குலக் கருவியின் திரை அகலம் 9 செ.மீ.தான். பக்கம் 43 விழுக்காட்டுக்குச் சுருங்குகிறது; 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட் ஆகிறது. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் துண்டுச் சீட்டின் எழுத்து அது. அதில் நாவல் படிக்க எந்தக் கண்ணாலும் முடியாது.

முதல் வழி, அதே நூல் இபப் வடிவில் கிடைக்கிறதா என்று பார்ப்பது. ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளத்தில் ஒரே நூல் இபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று பல வடிவில் இருக்கும். பழக்க தோஷத்தில் பலர் ஏ4 பிடிஎஃப்பை இறக்கிக்கொண்டு திண்டாடுகிறார்கள். இபப்பை எடுங்கள்.

ஸ்கேன் மட்டுமே கிடைக்கும் நூல்கள் ஏராளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் தளத்திலும் இருப்பவற்றில் பெரும்பாலானவை பக்கப் படங்களே. இவற்றுக்கு இரண்டு வேலை செய்ய வேண்டும்: ஓரத்தை வெட்டுவது, திரையைக் குறுக்காகத் திருப்புவது. குறுக்காகத் திருப்பினாலே அகலம் 12.2 செ.மீ. ஆகி 12 பாயின்ட் எழுத்து 7 ஆகும். இரு பக்கமும் 2.5 செ.மீ. வெள்ளை ஓரத்தை வெட்டியும் விட்டால் 9 பாயின்ட் வரும், தாராளமாகப் படிக்கலாம். ஆனால் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மூன்று முறை தட்ட வேண்டியிருக்கும். ஓரம் வெட்ட ‘பிரிஸ்’ என்ற இலவச மென்பொருள் போதும். ஒற்றைப்படைப் பக்கத்தையும் இரட்டைப்படைப் பக்கத்தையும் தனித்தனியாக வெட்டச் சொல்லுங்கள். தையல் பக்கத்து ஓரம் இரண்டிலும் எதிரெதிர்ப் பக்கம் வரும் என்பதால், ஒரே பெட்டியை வைத்து வெட்டினால் பாதிப் பக்கங்களில் வரியின் முதலெழுத்து போய்விடும்.

பழைய கிரௌன் 1/8 அளவுப் புத்தகங்களுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. 12க்கு 18 செ.மீ. தாளில் எழுத்து நிற்கும் அகலம் கிட்டத்தட்ட நம் திரை அகலம்தான். ஓரத்தை மட்டும் வெட்டினால் அச்சில் இருந்த அளவிலேயே வந்து உட்கார்ந்துவிடும். அதைவிடச் சற்றுப் பெரிய டெம்மி அளவு கொஞ்சம் சுருங்கும், படிக்க முடியாமல் போகாது.

கோபோ கருவியோ ஆண்ட்ராய்டோ வைத்திருப்பவர்கள் கேஓரீடர் செயலியைப் பார்க்கலாம். அது ஸ்கேன் பக்கத்தைச் சொல் சொல்லாக நறுக்கித் திரை அகலத்துக்கு மறுபடி அடுக்கும். எழுத்தைப் படித்து அறிவதில்லை, படத்தைத்தான் வெட்டி ஒட்டுகிறது. அதனால் மொழி எதுவானாலும் அதற்குக் கவலையில்லை. அட்டவணையும் அடிக்குறிப்பும் உள்ள பக்கங்களில் சொதப்பும்.

தமிழ் உடைந்து வருகிறது

உடைவதில் நான்கு விதம் உண்டு. எந்த விதம் என்று தெரியாமல் எழுத்துருவை மாற்றிக்கொண்டே இருப்பது வீண்வேலை.

வெறும் கட்டங்களாக வந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை, அல்லது நூலின் மொழி தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. கருவியின் மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிறகு கணினியில் காலிபர் என்ற இலவச மின்னூல் மென்பொருளில் நூலை ஏற்றி, ‘எடிட் மெட்டாடேட்டா’வில் மொழியைத் தமிழ் என்று மாற்றுங்கள். ஆங்கிலம் என்று குறித்த கோப்புக்குக் கருவி ஆங்கில எழுத்துருப் பட்டியலையே நீட்டும். அப்படியும் சரியாகாவிட்டால் எழுத்துருவை நூலுக்குள்ளேயே பொதிந்துவிடலாம்: காலிபரில் ‘கன்வர்ட்’, அதில் ‘லுக் அண்ட் ஃபீல்’, அதில் ‘ஃபான்ட்ஸ்’, ‘எம்பெட் ஃபான்ட் ஃபேமிலி’யில் நோட்டோ செரிஃப் தமிழ். வெளியீட்டு வடிவம் ஏஇசட்டபிள்யூ3 ஆக இருக்கட்டும்; பழைய மோபி பொதிந்த எழுத்துருவை ஏற்காது. கருவியில் எழுத்துருப் பட்டியலைத் திறந்து ‘பப்ளிஷர் ஃபான்ட்’டைத் தேர்ந்தால்தான் அது வேலை செய்யும். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு ‘ஒன்றும் மாறவில்லை’ என்பவர்களே அதிகம்.

ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாக வந்தால் அது பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்ற பழைய குறியேற்றம், அதாவது எழுத்தைக் கணினியில் சேமிக்கும் முறை. ஒருங்குறி (யூனிகோட்) பரவும் முன் தட்டச்சான கோப்புகளில் இது சகஜம். தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது; அதன் தொடக்க கால நூல்கள் பலவும் டிஸ்கியில் வந்தவையே. எழுத்துருவை நிறுவினால் கணினியில் தெரியும், வாசிப்புக் கருவியில் தெரியாது. என்எச்எம் கன்வர்ட்டரில் உரையை ஒட்டி ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்வதே சரி. எந்தக் குறியேற்றம் என்று தெரியாவிட்டால் ஒரு பத்தியை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சரியானது மாட்டியதும் முழு நூலையும் மாற்றலாம்.

தலையில் சாய்கோடு போட்ட லத்தீன் எழுத்தும், வட்டத்துக்குள் இருக்கும் பதிவுக் குறியும் மாறி மாறி வந்தால் எழுத்து கெடவில்லை, ஒருங்குறியைக் கருவி தவறாக வாசிக்கிறது. பெரும்பாலும் டிஎக்ஸ்டி கோப்புகளில் இது நேரும். காலிபரில் மாற்றும்போது ‘இன்புட் கேரக்டர் என்கோடிங்’ என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். ஒரு நிமிட வேலை.

நான்காவது விதம்தான் தலைவலி. ‘கொண்டு’ என்பது ‘ெகாண்டு’ என்றும், ‘மேலே’ என்பது ‘ேமேல’ என்றும் வரும். பிடிஎஃப்பிலிருந்து எழுத்தைப் பிரித்து எடுத்த நூல் என்பதற்கு இதுவே முத்திரை. ஒருங்குறியில் மெய் முதலிலும் உயிர்க்குறி பிறகும் சேமிக்கப்படும். கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது கருவியின் வேலை. பிடிஎஃப்போ கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தை அடுக்கி வைத்திருக்கிறது. அதை அப்படியே உருவினால் கொம்பு முன்னால் வந்து அநாதையாக நிற்கும்.

இதைக் காலிபரின் ‘எடிட் புக்’கில் சரிசெய்யலாம். தேடல் முறையை ‘ரெஜெக்ஸ்’ என்று மாற்றி, தேடும் இடத்தில் ([ெேை])([க-ஹ]) என்றும், மாற்றும் இடத்தில் \2\1 என்றும் கொடுத்து எல்லாவற்றையும் மாற்றச் சொல்லுங்கள். கொம்பும் மெய்யும் இடம் மாறிக்கொள்ளும். இதை ஒரே ஒரு முறைதான் செய்ய வேண்டும். சரியாகிவிட்ட ‘கெட்ட’ என்ற சொல்லில் கொம்புக்கு அடுத்து ‘ட’ நிற்கிறது அல்லவா, இரண்டாம் முறை ஓட்டினால் அந்த இரண்டும் இடம் மாறி, நல்ல சொல் கெட்டுவிடும். அதனால் முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி நூல் சரியாகவும் பாதி நூல் உடைந்தும் இருந்தால் உடைந்த அத்தியாயங்களில் மட்டும் ஓட்டுங்கள். ‘க்ஷ’ வரும் சொற்கள் இதில் சிக்காது. கையால் திருத்தத்தான் வேண்டும்.

நூலில் இருக்கும் சொல்லைத் தேடினால் ‘இல்லை’ என்கிறது

மின்னூலுக்கு வந்ததன் பெரிய லாபம் தேடல். அது பொய்த்தால் எரிச்சல் வருவது இயல்பு. ‘கௌரி’ என்று தேடிக் கிடைக்கவில்லையா? தட்டச்சு செய்தவர் ‘கௌ’வைக் கொம்பும் ளகரமுமாக ‘கெள’ என்று அடித்திருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கருவிக்கு வேறு வேறு. ‘ஔவை’யும் இப்படியே ‘ஒளவை’ ஆகியிருக்கும். ஸ்கேனிலிருந்து எழுத்துணரி (ஓசிஆர்) மூலம் எடுத்த நூல்களில் கால் குறியும் ரகரமும் குழம்பும். ‘காலம்’ என்பது ‘கரலம்’ ஆகக் கிடக்கும். சொல் முழுவதையும் தேடாமல், குழப்பமில்லாத இரண்டு மூன்று எழுத்தை மட்டும் கொடுத்துத் தேடுங்கள். பெயரானால் வேற்றுமை உருபை விட்டுவிட்டுத் தேடுங்கள்.

அகராதிக்கும் இதே சங்கடம் உண்டு. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பதை அழுத்தினால் எந்த அகராதியும் கைவிரிக்கும், அதற்குத் தெரிந்தது ‘வா’ மட்டும். அருஞ்சொல் அதிகமுள்ள நூலுக்கு, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனை சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்வதே வேகம்.

அனுப்பிய நூல் கிண்டிலுக்கு வரவே இல்லை

- எந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புகிறீர்களோ அது அமேசான் கணக்கின் ‘பர்சனல் டாக்குமென்ட் செட்டிங்ஸ்’ பட்டியலில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே விடாது.
- மின்னஞ்சல் வழி 50 எம்பி, வலைத்தளம் வழி 200 எம்பி வரைதான் ஏற்கும். ஜிமெயில் தன் பங்குக்கு 25 எம்பியிலேயே நிறுத்திவிடும். கனமான ஸ்கேன்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.
- மோபியை இந்த வழியில் இப்போது அனுப்ப முடியாது. இபப் அனுப்புங்கள்.
- இ999 என்று பிழை வந்தால் இபப்பின் உள்கட்டு சரியில்லை. காலிபரில் இபப்பிலிருந்து இபப்புக்கே மாற்றி மறுபடி அனுப்பினால் பெரும்பாலும் போய்விடும்.

கேபிள் வழி ஏற்றுவதானால் தலைகீழ்: இபப்பை நேரடியாகப் போட்டால் கிண்டில் திறக்காது, ஏஇசட்டபிள்யூ3 ஆக மாற்றி ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் போட வேண்டும். கணினி கருவியையே கண்டுகொள்ளவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீட்டுக்கு நாலு கிடக்கும்.

சொற்களுக்கு நடுவே ஆறு ஓடுகிறது, செய்யுள் அடி மடங்குகிறது

தமிழ்ச் சொல் நீளம். சிறிய திரையில் பெரிய எழுத்து வைத்தால் ஒரு வரியில் மூன்று சொல்தான் கொள்ளும். இரு ஓரமும் நேராக வரக் கருவி இடைவெளியை இழுத்துவிடும். ‘அலைன்மென்ட்’டை இடப்பக்கமாக மாற்றுங்கள். வலது ஓரம் ஏற்ற இறக்கமாக இருப்பது இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும். ஓரத்தைக் குறுகலாக்கி, வரிக்கு ஐந்தாறு சொல் வரும்படி எழுத்தளவை வையுங்கள். தடிமனைக் கூட்டும் வசதி இருந்தால் அளவோடு கூட்டுங்கள். மிகவும் கூட்டினால் ணகரத்தின் சுழி அடைந்து னகரமாகத் தெரியும்.

செய்யுளில் இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. குறளின் முதலடி நான்கு சீர், இரண்டாமடி மூன்று சீர். எழுத்து பெரிதானால் நான்காம் சீர் தனியே கீழே இறங்கி, ஈரடி மூன்றடியாகத் தோன்றும். ஆசிரியப்பாவில் அடி எங்கே முடிகிறது என்பதே தெரியாமல் போகும். செய்யுள் நூலுக்கு மட்டும் திரையைக் குறுக்காகத் திருப்புங்கள். நாற்சீரடி பெரும்பாலும் முழுசாக நிற்கும். அப்படியும் மடங்கும் நூல் என்றால் எழுத்தை ஒரு படி குறையுங்கள்.

கண் எரிகிறது

எதில் படிக்கிறீர்கள் என்பதே முதல் கேள்வி. கைபேசித் திரை கண்ணை நோக்கி ஒளியை வீசுகிறது. இ-இங்க் கருவியில் கருப்பு வெள்ளைத் துகள்கள் மின்புலத்தில் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. அதிலுள்ள விளக்கு ஓரத்திலிருந்து பக்கத்தின் மேல் விழுவது. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் படிப்பவர் கைபேசியோடு போராடுவதைவிட இ-இங்க் கருவிக்கு மாறுவது நல்லது.

கருவியில் படித்தும் எரிந்தால் வெளிச்சத்தைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, திரை அந்தத் தாளைவிடப் பிரகாசமாகத் தெரியாத அளவுக்குக் குறையுங்கள். பகலில் சன்னலோரம் என்றால் விளக்கே வேண்டாம். இரவில் மஞ்சள் சாயலைக் கூட்டலாம். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து எல்லாருக்கும் ஒத்துவராது. பார்வையில் சிதறல் குறை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்கு எழுத்தின் ஓரம் கசிந்து தெரியும். திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது என்பதால், அத்தியாயம் முடியும்போதெல்லாம் தலையைத் தூக்கித் தூரத்தில் எதையாவது பாருங்கள்.

முந்தைய பக்கத்தின் நிழல், உறைந்த திரை, நிற்காத சார்ஜ்

நிழல் விழுவது இ-இங்க்கின் இயல்பு. அமைப்பில் ‘பேஜ் ரிஃப்ரெஷ்’ஷைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் திரை ஒருமுறை முழுதாகச் சிமிட்டித் துடைத்துக்கொள்ளும். கிண்டில் உறைந்துபோனால் பவர் பொத்தானை 40 விநாடி விடாமல் அழுத்துங்கள். பத்து விநாடியில் கையை எடுத்துவிட்டுக் கருவி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். சார்ஜ் திடீரென இறங்கினால் சமீபத்தில் நூறு நூலை ஒரே மூச்சில் ஏற்றினீர்களா என்று யோசியுங்கள். கருவி பின்னால் உட்கார்ந்து தேடலுக்காக ஒவ்வொன்றையும் அட்டவணைப்படுத்திக்கொண்டிருக்கும். சார்ஜரில் ஓர் இரவு விடுங்கள். மறுநாளும் அப்படியே என்றால் ஏதோ ஒரு கெட்ட கோப்பில் அது சிக்கியிருக்கிறது. கடைசியாக ஏற்றியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பாருங்கள். மற்றபடி, வைஃபையை அணைத்து வைத்தாலே வாரக்கணக்கில் வரும்.

படித்தது மனதில் நிற்கவில்லை

இது மட்டும் அமைப்பை மாற்றித் தீர்க்கும் கோளாறு அல்ல. பிரமையும் அல்ல. 2019இல் நார்வே ஆய்வாளர் அன்னே மாங்கனும் குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வில் 50 பேருக்கு 28 பக்கக் கதை ஒன்றைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அச்சில், பாதிப் பேருக்குக் கிண்டிலில். பெரும்பாலான கேள்விகளில் இரு சாராரும் சமம். ஆனால் கதையில் எது முன், எது பின் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது கிண்டிலில் படித்தவர்கள் பின்தங்கினார்கள். 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு அலசல் ஒன்று, தகவல் நூல்களில் அச்சுக்கு அனுகூலம் உண்டு, கதைகளில் அப்படித் தெரியவில்லை என்றது. அச்சுப் புத்தகத்தில் இடது கையின் கனம் கூடி வலது கை லேசாவதே ஒரு குறிப்பு. ‘இடப்பக்கம், கீழே, நடுவுக்குச் சற்று முன்னால்’ என்று கண் ஒரு இடத்தைப் பிடித்து வைத்திருக்கும். கருவியில் எல்லாப் பக்கமும் ஒரே கனம்.

அந்த இடவுணர்வைச் செயற்கையாகத்தான் கொண்டுவர வேண்டும். திரையின் கீழ் மூலையைத் தட்டினால் பக்க எண், அத்தியாயத்தில் மீதி நேரம், விழுக்காடு என்று மாறி மாறி வரும். பக்க எண்ணில் நிறுத்துங்கள். எழுத்தளவை நூலின் நடுவில் மாற்றாதீர்கள், மாற்றினால் ஒவ்வொரு வரியும் வேறு இடத்துக்குப் போய்விடும். அத்தியாயம் முடிந்ததும் கடைசி வரியை அடிக்கோடிட்டு அதன்மேல் ஆறேழு சொல்லில் நடந்ததைக் குறித்து வையுங்கள். பாத்திரங்கள் நிறைந்த நாவலானால் ஒரு துண்டுத் தாளில் பெயர்களை எழுதி உறைக்குள் செருகுங்கள். மின்கருவிக்குத் தாள் எதற்கு என்று கேட்க வேண்டாம், வேலை செய்கிறது. தொடங்கும்போது முன்பே படித்த நூல் ஒன்றை மறுவாசிப்பாக எடுப்பது உதவும். இடம் தெரிந்த கதையில் கருவியைப் பழகலாம். கருவியும் கதையும் ஒருசேரப் புதிதாக இருந்தால் பழி கதையின் மேல் விழும்.

கிண்டிலின் அடிக்கோடுகள் எல்லாம் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற ஒரே டிஎக்ஸ்டி கோப்பில் சேரும். மாதம் ஒருமுறை அதைக் கணினிக்கு நகலெடுங்கள். கருவி போனால் அதுவும் சேர்ந்து போகும்.

வாங்கினேன், ஆனால் என்னுடையது போல இல்லை

உண்மைதான். கடையில் வாங்கும் பெரும்பாலான மின்னூல் படிக்கும் உரிமம் மட்டுமே. இரவல் கொடுக்கவோ பழைய புத்தகக் கடையில் போடவோ முடியாது. வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிக் கேபிள் வழி மாற்றும் வசதியையும் அமேசான் 2025 பிப்ரவரி 26 முதல் நிறுத்திவிட்டது. பூட்டில்லாத இலவச நூல்களையாவது இபப் வடிவிலேயே ஒரு வன்தட்டில் சேர்த்து வையுங்கள். கருவி நிறுவனம் மாறினாலும் இபப்பை நேரடியாகவோ மாற்றியோ படிக்கலாம். மறுபடி மறுபடி எடுப்பவை, பிறருக்குக் கொடுக்க நினைப்பவை, பதவுரையும் அடிக்குறிப்பும் பக்கத்துக்குப் பக்கம் மாறி மாறி வரும் செய்யுள் பதிப்புகள், படம் நிறைந்தவை: இவற்றை அச்சிலேயே வாங்குங்கள். ஒருமுறை படித்து முடிக்கும் நாவலும், பரணில் ஏற்ற இடமில்லாத பெருந்தொகுப்புகளும், பயணத்துக்கு எடுத்துப் போகும் நாலைந்தும் கருவிக்குப் போகட்டும்.